பிரி, சலி, கட்டு, அனுப்பு

தம்பி, நேற்று சாயங்காலம் நீ சொன்னதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்து, "இன்னாடி, பையன் நல்லதுதானே சொல்றான், மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு போற?" என்று பின்னாலேயே வந்தார். கோபமே இல்லையடா. "மா, நான் பூனா வேலைக்குப் போவல. உன் கம்பெனியில உன் எடத்துல நான் சேந்துக்கறேன். நீ வேலைய வுட்டுடு" என்று நீ சொன்னதும் எனக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா என்று இருந்தது. கழுத்துவலி, கண்ணெரிச்சல், சோற்றில் கைவைக்கும்போது கூப்பிடுகிற அந்தப் போன், எல்லாம் ஒழிந்தது என்று உடம்பே லேசாகிவிட்டது. குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றபோதுதான் என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது. பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு நான் வெளியே வரப் பார்க்கிறேன், அதற்கு மனசு குதிக்கிறது. அந்த நினைப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். நீ அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாய்.

அதுதான் உன்னிடம் எனக்கு இப்போது பயமாக இருக்கிற விஷயம். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாய். எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பாய். இந்த வயதுவரைக்கும் "முடியாதும்மா" என்று உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. தெருவில் மற்ற அம்மாக்கள் "உன் புள்ள மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடும்போது நானும் மிதப்பாகத்தான் நின்றிருக்கிறேன். நேரில் உட்கார்ந்து "கம்பெனிக்கு வராதே" என்று நான் சொன்னாலும் அதற்கும் "சரிம்மா" என்றுதான் சொல்வாய். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல் கணினி வேலைக்குப் போகிற வேறு பிள்ளைகளும் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள்.

முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை அழைத்துப்போக நீ வண்டியோடு கீழே நின்றபோது உன்னைப் பிடித்திருக்கிறார். "உங்கம்மாவுக்கு ரெஸ்ட் வேணும் தம்பி. நீங்க வந்து உக்காந்தீங்கன்னா அவங்கள வுட்டுடறேன்" என்றாராம். நீ அதை அப்படியே வந்து சொன்னாய். விட்டுவிடுகிறாராமே, நான் என்ன அவர் கட்டிவைத்திருக்கிற மாடா என்று எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் மனுஷர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் கட்டுண்டுதான் கிடக்கிறேன். ஆனால் அந்தக் கயிற்றை அவர் திரிக்கவில்லை, நான்தான் திரித்தேன். எப்படித் திரித்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும்.

உழவர்கரையில் மாடியில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டுப் பதிப்பாளர்களிடமிருந்து புத்தகங்கள் வரும். காகிதமாக இல்லை, கணினிக் கோப்பாக. பிரெஞ்சு, இங்கிலீஷ் இரண்டும் வரும். பக்கம் அமைத்து, பிழை பார்த்து, போனில் படிக்கிற மாதிரியும் மாற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. நம் ஊரில் இப்படி நிறைய கம்பெனிகள் இருக்கின்றன. மில்லில் வேலை பார்த்தவர்களுடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் இதில்தான் பிழைக்கிறோம். உன் தாத்தா வேலை பார்த்த மில் மூடியபோது நான் டைப் அடிக்கத்தான் இங்கே சேர்ந்தேன். கோப்பெல்லாம் இருக்கிற பொதுக் கணினியான சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று வேலையை விட்டுப் போனதும், "நீதான் ஸ்பீடா அடிக்கிறியே, நீயே பாரும்மா" என்று என் தலையில் கட்டினார்கள். கறுப்புத் திரை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. செய்ய வேண்டியதை எழுத்து எழுத்தாக அடித்துச் சொல்லவேண்டும். அதற்கு ஷெல் என்று பெயர். ஒரு புத்தகத்தின் கோப்புகளையெல்லாம் ஒன்றாகச் சுருக்கி அனுப்புவார்கள், அந்த மூட்டையை அவிழ்க்க ஒரு கட்டளை, கோப்புப் பெயர்களில் இருக்கிற இடைவெளிகளை எடுக்க ஒரு கட்டளை, பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் நிற்கிற கோடும் புள்ளியும் சிதையாமல் மாற்ற இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். ஒரு புள்ளி விட்டுப்போனால் மொத்தமும் போச்சு. பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் ஏலியாஸ் என்று ஒன்று இருப்பதைக் கற்றுக்கொண்டேன். நீளமான கட்டளைக்கு நாமே ஒரு சின்னப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நம் பெயரில் இருக்கிற ஒரு மறைவான கோப்பில் அந்தப் பெயரை எழுதிவைத்துவிட்டால் போதும், அடுத்த முறை உள்ளே நுழையும்போது ஷெல் அதைப் படித்துக்கொள்ளும். பிறகு சின்னப் பெயரை அடித்தால் பெரிய வேலை நடக்கும். அப்புறம் ஃபங்ஷன். ஃபங்ஷன் என்றதும் உன் அத்தை "யாருக்கு, காதுகுத்தா?" என்று கேட்டாள். இது வேறு. பத்துக் கட்டளையை வரிசையாகக் கோத்து ஒரே பெயரில் வைப்பது. எந்தப் புத்தகத்துக்குச் செய்யவேண்டும் என்று கூடவே சொன்னால் அதற்கு மட்டும் செய்யும். இங்கிலீஷ் பெயர் எனக்கு ஒட்டவில்லை. எழுத்து இங்கிலீஷாக இருந்தாலும் சொல்லைத் தமிழாக வைத்தேன். மூட்டையை அவிழ்க்க 'பிரி'. குப்பையை நீக்க 'சலி'. முடிந்ததை மூட்டையாக்க 'கட்டு'. கடைசியாக 'அனுப்பு'. எவ்வளவு பெரிய புத்தகம் வந்தாலும் இந்த நாலு வார்த்தையில் வேலை முடிந்துவிடும். மாவு சலிக்கிற மாதிரிதான், பயப்படாதீங்கடி என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஆபீஸே என் வார்த்தையில் பேச ஆரம்பித்தது. "அக்கா, சலிச்சிட்டேன்", "அக்கா, கட்டலாமா?" என்று கேட்கும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வருஷம் போகப் போக என்ன ஆனது தெரியுமா? ஏதாவது ஒரு பதிப்பாளர் புதுவிதமாகக் கோப்பு அனுப்புவார். 'சலி' திக்கும். அதைச் சரிசெய்ய உள்ளே இன்னொரு பெயரை வைப்பேன். அதற்குள்ளே இன்னொன்று. ஒரு அவசரத்தில் வைத்ததை எடுப்பதற்குள் அடுத்த அவசரம் வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. நாலு வார்த்தை போதுமே. நின்றுபோனால் அக்கா இருக்கிறாள். அந்த அக்கா எங்கேயும் போகமுடியாது, அவ்வளவுதான்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். சாமியெல்லாம் கடலுக்கு வந்துகொண்டிருக்கிறது, மேளம் காதைப் பிளக்கிறது, படகுகளுக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. அப்போது செல்வி போன் செய்தாள். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், எங்களிடம் வேலை கற்றவள். "அக்கா, அனுப்ப மாட்டேங்குது, இன்னா பண்றது?" என்றாள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சலிடி! மறுபடியும் சலி! ஸ்பேஸ் வுட்டு புக்கு பேரு அடி! ஸ்பேஸ்டி, ஸ்பேஸ்!" என்று கத்தினேன். பக்கத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த அம்மா எனக்குச் சாமி வந்துவிட்டது என்று விலகி நின்றாள். நீ சிரித்தாய். நானும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு நான் கடலையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது முதலாளி ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தார், அக்குளில் லேப்டாப்பையும் இடுக்கிக்கொண்டு. "அஞ்சே நிமிஷம்மா" என்றார். நர்ஸ் திட்டத் திட்ட ஒரு கையில் ஊசியோடு அடித்துக்கொடுத்தேன். வேலையை விடுகிறேன் என்று சொன்னபோதெல்லாம் அவர் சத்தம் போட்டதே இல்லை. "நீங்க போயிட்டா இழுத்து மூடணும்மா, இத்தினி குடும்பம் இருக்கு" என்பார். உண்மையைச் சொல்லவேண்டுமானால் அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒருத்தர் சொல்வது நல்ல போதை. இப்போதும் பிடிக்கிறது, அதுதான் எரிச்சல்.

கம்பெனியோடு நிறுத்தியிருந்தால் போகட்டும் என்று விடலாம். நான் வீட்டிலும் அதையே செய்தேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குச் செய்துவைத்திருந்த புராஜெக்டை வீட்டுக் கணினியில் நீயே தெரியாமல் அழித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் அழுதாய். அழிக்கிற கட்டளைக்கு ஆர்எம் என்று பெயர். அது யாரையும் எதுவும் கேட்காது. சொன்னால் அழித்துவிடும், அழித்தது திரும்ப வராது. என் பிள்ளை இனிமேல் அழக்கூடாது என்று நான் அதே ஆர்எம் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்தேன். அதன்பிறகு நீ ஆர்எம் என்று அடித்தால் திரையில் 'நெசமாவா?' என்று கேட்கும். ஆமாம் என்று சொன்னாலும் அழிக்காது, குப்பை என்று ஒரு இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவைக்கும். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். நீ அதைப் பார்த்து "சூப்பர்மா" என்று கட்டிப்பிடித்தாய். ஒன்பதாவதிலிருந்து காலேஜ் முடிக்கும்வரை நீ அடித்த ஆர்எம் எல்லாம் உன் அம்மா செய்த ஆர்எம். அசல் எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்டவே இல்லை.

சென்னையில் முதல் வேலை. சேர்ந்து கொஞ்ச நாள்தான். யாரோ ஒரு வாடிக்கையாளருடைய சர்வரில் பழைய கோப்புகளைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ துடைக்கவேண்டிய கோப்புறையை விட்டுப் பக்கத்துக் கோப்புறையில் நின்றுகொண்டு ஆர்எம் அடித்து, எல்லாம் என்று பொருள்படுகிற நட்சத்திரத்தையும் போட்டாய். போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தாய். கேள்வி வரவில்லை. சத்தமில்லாமல் அடுத்த வரி வந்து நின்றது. அங்கே இருந்தவர்களுடைய ஒரு வார வேலை அதோடு போனது. பாதியைத்தான் மீட்க முடிந்தது என்றாய். அவர்கள் உன்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. திட்டினார்கள், அப்புறம் இது எல்லாருக்கும் ஒருமுறை நடப்பதுதான் என்றும் சொன்னார்கள். நீதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாய். கதவைத் திறந்தபோது உன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "கேக்கும்னு நெனச்சேம்மா" என்றாய்.

அன்றைக்கு உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பிசகு உன்மேல் இல்லை, நான் வைத்த பெயரில் இருந்தது. பத்திரமாக அழிக்க ஒரு வழி செய்து கொடுத்ததில் தப்பில்லை. அதற்கு 'குப்பை' என்றோ வேறு எதுவோ புதுப்பெயர் வைத்திருந்தால், சென்னையில் நீ அதை அடித்தபோது அப்படி ஒரு கட்டளை இங்கே இல்லை என்று ஷெல் சொல்லியிருக்கும். நீயும் கையை எடுத்து யோசித்திருப்பாய். நான் அசலின் பெயரிலேயே என் வேலையை ஒளித்துவைத்தேன். பெயர் பழகிவிட்டது, ஆபத்து பழகவில்லை. நீ பூனாவில் போய் உட்காரும்போது உனக்கென்று பெயர்கள் வைத்துக்கொள், தாராளமாக வை, கையும் கண்ணும் மிச்சமாகும். ஏற்கெனவே இருக்கிற பெயரின்மேல் மட்டும் வைக்காதே. வேறொருவருடைய கணினியில் உட்கார்ந்தால் முதலில் டைப் என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் அந்தப் பெயரையும் அடித்துப் பார். அது ஏலியாஸா, ஃபங்ஷனா, அசலா என்று ஷெல்லே சொல்லிவிடும். கேட்காமல் எந்தப் பெயரையும் நம்பாதே, உன் அம்மா வைத்ததாக இருந்தாலும்.

சென்னையிலிருந்து வந்த பிறகு நீ ஆள் மாறிப்போனாய். கடைக்குப் போனால் எந்தச் சோப்பு என்று அங்கிருந்து போன் செய்வாய். சட்டை எடுத்தால் படம் அனுப்பிக் கேட்பாய். எதற்கும் முன்னால் என் முகத்தை ஒருமுறை பார்ப்பாய். "அவனுக்கு நீயே ஒரு நெசமாவா ஆயிட்ட" என்று உன் அப்பா ஒருநாள் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அப்படிப்பட்டவன் யாரிடமும் சொல்லாமல் பூனாவுக்கு விண்ணப்பம் போட்டு, போனிலேயே இன்டர்வியூ கொடுத்து, வேலை கிடைத்த பிறகு வந்து சொன்னாய் பார், அன்றைக்கு நான் மாரியம்மன் கோயிலில் போய் நின்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று பூசாரி கேட்டார். பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அந்த வேலையைத்தான் நேற்று "போவல" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டாய்.

நீ ஒருத்தன்தான் என்று நினைக்காதே. போன மாதம் செல்வி கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை ஊர்ப்பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனாள். உட்காரவைத்து ஒரு புத்தகத்தைக் கொடுத்து அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "அக்கா, பிரின்னு அடிச்சேன். அப்டி ஒண்ணு இல்லன்னு வந்துது. திருப்பி அடிச்சேன். பக்கத்துல இருந்தவன் சிரிச்சான்" என்றாள். எத்தனை வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவள்! அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் நாலு வார்த்தை. அது எங்கள் மாடியைவிட்டு இறங்கினால் செல்லாது. "பரவால்லக்கா, நான் இங்கியே இருந்துக்கறேன்" என்று வேறு சொன்னாள். நீ நேற்று சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஏன் இப்படி 'இங்கேயே' என்கிறார்கள்?

இன்றைக்குக் காலையில் சீக்கிரமே ஆபீசுக்குப் போய்விட்டேன். டைப் என்று அடித்து 'பிரி'யைக் கேட்டேன். உள்ளே இருப்பது மொத்தமும் திரையில் வந்து விழுந்தது. அதற்குள் நாலு பெயர். அந்த நாலையும் கேட்டேன். அவற்றுக்குள் இன்னும் பெயர்கள். சிலதை எதற்காக எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியது என் கை, சந்தேகமில்லை. ஒரு இடத்தில் 'இதைத் தொடாதே' என்று எனக்கு நானே குறிப்புகூட எழுதிவைத்திருக்கிறேன். ஏன் தொடக்கூடாது? ஞாபகம் இல்லை. சரி, என் மறைவான கோப்பு எதுவும் இல்லாத புது யூசர் கணக்கு ஒன்றை உண்டாக்கி அதில் நுழைந்து, ஒரு மூட்டையை அசல் கட்டளையால் அவிழ்த்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கை நகரவில்லையடா. எனக்கே வரவில்லை. இத்தனை வருஷம் சர்வரைக் கட்டி மேய்த்தவள் நான், என் சொந்த வார்த்தை இல்லாமல் ஒரு மூட்டையை அவிழ்க்கத் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கிறேன். செல்வி மட்டும்தான் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். நான் அவளுக்கும் முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

செல்வி வந்ததும் அவளையும் அந்தப் புது யூசரிலேயே உட்காரவைத்தேன். "பிரி அடிக்காத. இன்னிக்கு அது கெடையாது" என்றேன். "ஐயோ அக்கா, எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். "எனக்கும் ஒண்ணும் தெரியல, வா, ரெண்டு பேரும் பாக்கலாம்" என்றேன். குழந்தைகளுக்கான சின்ன பிரெஞ்சுப் புத்தகம், அரை மணி வேலை. ஒவ்வொரு கட்டளைக்கும் இருக்கிற உதவிப் பக்கத்தைப் படித்து, தப்பாக அடித்து, திட்டிக்கொண்டு, திரும்ப அடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மூட்டையை அவிழ்த்துச் சலித்தோம். ஒரு இடத்தில் செல்வி எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று பொறாமை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இந்தச் சின்ன புக்கு இன்னும் போவலையா?" என்றார். "இனிமே கொஞ்ச நாளைக்கு இப்டித்தான் சார் போவும். எல்லாரும் கத்துக்கறவரைக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? அதான் உங்க பையன் திங்கக்கெழமை வர்றாரே, உங்க ஃபைலை அப்டியே அவர்ட்ட குடுத்துடுங்க" என்றார்.

எனக்கு 'அவன் வரமாட்டான் சார்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்; நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் நீயும் "சரிம்மா" என்றிருப்பாய், பூனாவுக்குப் புதன்கிழமை ரயில் ஏறியிருப்பாய். ஆனால் அதுவும் நான் உன் பெயரில் என் வேலையை ஒளித்துவைப்பதுதானே? உன் வாயில் வரவேண்டிய சொல்லை நானே அடித்துக்கொடுப்பது இன்னும் எத்தனை நாளைக்கு? பல்லைக் கடித்துக்கொண்டு, "அத அவன்ட்டயே கேளுங்க சார்" என்றேன். "கேட்டாச்சே, சரின்னாரே" என்றார். "இன்னொரு தரம் கேளுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் உன்னைப் போனில் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார். இந்தக் கடிதத்தை ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வி பக்கத்தில் 'கட்டு'க்குள் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எப்போது வெளியே வருவேன் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு பெயராக அவிழ்த்து, அசலைக் கற்று, இந்தப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து முடிக்க ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கழுத்து வலிக்கும், போன் அடிக்கும், வீட்டில் இருக்கிறவர்கள்மேல் எரிந்து விழுவேன், உன் அப்பாதான் பாவம். நடுவில் தாங்காமல், பிள்ளையையே கூப்பிட்டிருக்கலாமோ என்று நினைக்கவும் செய்வேன். அதற்கெல்லாம் நீ பொறுப்பில்லை. என்னை மீட்க நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், எனக்கே புரியாத என் வார்த்தைகளை நீ மனப்பாடம் செய்வாய். செல்வியைப்போல, என்னைப்போல, அந்த மாடியைவிட்டு இறங்கினால் செல்லாத ஆளாகிவிடுவாய். பூனாவில் யாரும் உன்னை நெசமாவா என்று கேட்கமாட்டார்கள். நீ தப்பு செய்வாய், திட்டு வாங்குவாய், இந்தத் தடவை பஸ் ஏறி வந்துவிடாமல் மறுநாளும் போய் அதே இடத்தில் உட்காருவாய் என்றுதான் நான் நம்புகிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. முதலாளி பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றார். ஒன்பதரைக்கே நான் மீன் வாங்க வைத்திக்குப்பம் போய்விடுவேன், உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவேன், எங்கள் இரண்டு போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். என்ன பதில் சொல்வதென்று என்னைக் கேட்கமுடியாது. நான் திரும்பி வரும்போது நீ எதைச் சொல்லியிருந்தாலும் சரி, குழம்பு வைத்துத் தருவேன். ஆனால் நீ பேசும்போது மட்டும் நான் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், என் முகம் இன்னும் உன்னை என் நாற்காலிக்கு வாடா என்றுதான் கூப்பிடும்.